பாதி வேண்டுதல்

"ஏனுங்க, தாம்பாளத்துல என்னங்க அது? சங்காட்டம் இருக்குது?"

சுப்பாத்தாள் கணவனின் காதோரமாகக் கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஆடி. ஆடி விருந்துக்கு வந்த மகள் ரித்திகாவும் மாப்பிள்ளை நிதீஷும் வாசலில் நின்றிருந்தார்கள். மகள் கையில் பழப்பை. மாப்பிள்ளை கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், நடுவில் அந்தப் பொருள். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் அலுமினியம். இரண்டு சங்குகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்தது போலிருந்தது. ரித்திகா அதன் நெற்றியில் குங்குமம் கூட வைத்திருந்தாள்.

"டர்போ புள்ள," என்றார் பொங்கியண்ணன். "நம்ம வண்டிக்கு."

"அதைத் தாம்பாளத்துலயா கொண்டாருவாங்க?"

"மெதுவாப் பேசு. வாங்க மாப்ளை, வாங்க வாங்க. வா அம்மணி."

சத்தியமங்கலத்து மல்லிகையைத் திம்பம் மலை ஏற்றி மைசூருக்குக் கொண்டுபோவது பொங்கியண்ணனின் தொழில். பிக்கப் வண்டியை அவரே ஓட்டுவார். பூக்கூடைகளுக்குப் பொறுப்பு சுப்பாத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இடம் வண்டியின் முன்சீட்டுதான். ஆடிக்குச் சில நாள் முன்பு வண்டி நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது. நிதீஷுக்குச் சிங்காநல்லூரில் டர்போ சரிசெய்யும் பட்டறை. வந்து பார்த்து, "ஷாஃப்ட் ஆடுதுங்க மாமா. ஆயிலைக் குடிக்குது," என்று பழைய டர்போவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே போனில் கேட்டான்.

"மாமா, இதையே புதுசாட்டம் பண்ணி மாட்டிப்போடலாமுங்க. இல்லீன்னா இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்குது. பெரிய வண்டிக்கு வர்றது. எது போடட்டுமுங்க?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா மாப்ளை? உங்க மனசுக்கு எது படுதோ அதைப் போடுங்க."

"இல்லீங்க மாமா, ஓட்டறது நீங்க. நீங்க சொன்னாத்தான்…"

"நீங்க பாத்து எது போட்டாலுஞ் செரிங்க மாப்ளை."

"அப்படிச் சொன்னா எப்படிங்க மாமா?"

"வேற எப்படிங்க மாப்ளை சொல்றது?"

போனை வைத்த பிறகும் எது என்று இருவருக்குமே தெரியவில்லை. அந்தப் பேச்சின் முடிவுதான் இப்போது குங்குமப் பொட்டோடு தாம்பாளத்தில் வந்திருந்தது. பெரியது.

இலையில் உட்கார்ந்ததும் ரித்திகா விடவில்லை. "அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களே, இது என்னதான் பண்ணுதுன்னு."

சுப்பாத்தாள் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். மாப்பிள்ளை முன்னால் அவள் உட்காருவதில்லை; நேராகப் பேசுவதும் அபூர்வம்.

"இன்ஜின்ல இருந்து வெளிய போற புகை சும்மாதான போகுது?" என்றான் நிதீஷ், மனைவியைப் பார்த்து, மாமியார் காதில் விழுகிற சத்தத்தில். "அது போற வழியில ஒரு சக்கரத்தைச் சுத்த வெக்கறோம். அதோட சேந்து அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் சுத்தும். அது வெளிக்காத்தை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து நெறையப் போனா டீசல் நல்லா எரியும். வண்டிக்குப் பலம். அவ்வளவுதான்."

"கண்ணு," என்றது கதவோரக் குரல். "பெரிய சக்கரத்தைச் சுத்தோணும்னா பொகையும் நெறைய வேணுமான்னு கேளு."

நிதீஷ் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். "வேணுமுங்க அத்தை. நல்லாக் கேட்டீங்க. சின்னது உடனே சுத்திக்கும். பெருசுக்கு வேகம் புடிக்கச் சித்த நேரமாகும். அதுவும் மேட்டுல நின்னு எடுக்கறப்ப…"

"பேசிட்டே இலையில ஒண்ணும் போட்டுக்கலையே மாப்ளை!" பொங்கியண்ணன் பதறிப்போனார். "ஏம்புள்ள, பாத்துட்டு நிக்கற? இன்னும் ரெண்டு ஒப்புட்டு வெய்யி. நெய்யி ஊத்து."

"போதுமுங்க மாமா."

"அதெப்படிங்க போதும்? மொத ஆடிங்க."

நெய்யும் ஒப்புட்டும் வந்து விழுந்ததில் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது.

சாப்பிட்ட பின் மாப்பிள்ளையே சட்டையை மாற்றிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து டர்போவை மாட்டினான். மாமனாரும் மருமகனும் கோபி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தபோது பொங்கியண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

"ரயிலாட்டம் போகுது புள்ள! சமரோட்டுல பஸ்ஸையே முந்திப்போட்டேன்."

அது பொய்யில்லை. சமதளத்தில் வண்டி அப்படித்தான் போனது.

வீட்டுக்குள் பொங்கியண்ணன் அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில், பசித்தால் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் விடிந்து பண்ணாரியில் செக்போஸ்ட்டைத் திறந்துவிட, வண்டி மலைப்பாதையில் ஏறியதும் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். பூத்தோட்டத்துக்காரர் சொன்ன கதை, ரித்திகா சின்ன வயதில் கூடைக்குள் தூங்கியது, அடுத்த மழை எப்போது வரும் என்பது, எல்லாம் அந்த மேட்டில்தான். அவர் பேச, அவள் 'ம்' கொட்ட, பின்னால் ஈரச் சாக்குக்கடியில் மல்லிகை மணக்க, இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது முக்கால்வாசியும் திம்பம் வளைவுகளில்.

வளைவு வந்தால் மட்டும் சுப்பாத்தாள் அவர் பேச்சைக் கேட்கமாட்டாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "பண்ணாரி மாரியம்மா தாயே, காப்பாத்து," என்று தொடங்குவாள். தொடங்குவாளே தவிர முடித்ததில்லை. 'பண்ணா' என்று வாயெடுக்கும்போதே அவர் மிதிப்பார். டர்போ விசிலடிக்கும். வண்டி வளைவை ஏறிக் கடந்திருக்கும். மிச்ச வேண்டுதல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

புது டர்போ மாட்டிய மறுநாள், முதல் வளைவு.

"பண்ணாரி மாரியம்மா," என்றாள். வண்டி முக்கி முனகியது. "தாயே," என்றாள். வண்டி நின்றுவிடும் போலிருந்தது. "காப்பாத்து," என்றாள். அப்போதுதான் எங்கோ தொலைவிலிருந்து வருவது போல ஒரு ஊளை கிளம்பியது. அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ உதைத்துத் தள்ளியதுபோல வண்டி எகிறியது. வளைவின் தடுப்புச்சுவர் கண்முன்னால் வந்தது. பொங்கியண்ணன் அடித்துப் பிடித்து ஸ்டீரிங்கை ஒடித்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. மிதிக்க மறந்துட்டேனாட்ட இருக்குது."

அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததில் பின்னால் வந்த லாரிக்காரன் ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி பின்னுக்கு நழுவ, சுப்பாத்தாள் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாள். மைசூரில் பூவை இறக்குகிற வரைக்கும் பொங்கியண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "மாமா, வண்டி எப்படிங்க இருக்குது?"

"ரயிலாட்டம் போகுதுங்க மாப்ளை."

"மலையில?"

"அருமைங்க மாப்ளை. ஒரு நொட்டை சொல்ல முடியாதுங்க."

போனை வைத்ததும் சுப்பாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, உள்ளதைச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"என்னன்னு சொல்றது? நீங்க தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தது ஆகாதுன்னா? அவிய தொழிலே அதுதான் புள்ள. அவியளுக்குத் தெரியாதா? குத்தம் டர்போவுல இல்ல. என்ற கால்ல. மிதிச்சுட்டேன்னு நான் நெனைக்கறேன், கால் மிதிக்கறதில்ல. வயசாயிப்போச்சு."

அன்றிலிருந்து காலுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. தினமும் சுப்பாத்தாள் விளக்கெண்ணெய் சூடாக்கி அவர் வலதுகாலை மடியில் வைத்துத் தேய்த்தாள். கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள். விரலை நெட்டி முறித்தாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல."

"மரத்துக்கிட்டு இருக்குதுங்களா?"

"அதுமில்ல."

"அப்பறம் என்னங்க இந்தக் காலுக்கு? போன மாசம் மாப்ளை ஊட்டுக்குப் போனப்ப படியில என்னைய உட்டுப்போட்டு ஓடுனீங்களே, அதே காலுதான இது?"

"படி வேற, வண்டி வேற புள்ள."

சுப்பாத்தாள் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ரித்திகா சிரித்த சிரிப்பில் இவளுக்குக் காது வலித்தது.

"சிரிக்காத. உங்கப்பா சோறு கூடச் செரியா உங்கறதில்ல."

"அப்ப நான் அவருகிட்டச் சொல்லட்டா?"

"வாயத் தொறந்தீன்னா பாரு! மொத ஆடிக்கு மாப்ளை கொண்டாந்த பொருளை ஆத்தா நொட்டை சொன்னான்னு ஊருக்குள்ள ஆவோணுமா? என்ற தலையில சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். சொல்லவும் மாட்டேன். நீங்க மூணு பேரும் மரியாதை குடுத்துக் குடுத்தே ஒரு நாளைக்கு மலையில இருந்து உருளப்போறீங்க."

ஆவணி பிறந்தது. ஒருநாள் மலை இறங்கி வரும்போது பொங்கியண்ணன் வண்டியைப் பண்ணாரி ஓரம் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வண்டிக்கு ஒரு டிரைவரைப் போட்டுறலாம் புள்ள."

அவள் எதிர்பார்த்திருந்ததுதான். ஆனாலும் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "நாம?"

"நாம ஊட்டுல இருந்துக்கலாம்."

"ஊட்டுல இருந்து என்னங்க பண்றது?"

"டிவி பாக்கறது."

சுப்பாத்தாள் அந்தப் பகல்களை நினைத்துப் பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியில், அவள் ஒரு நாற்காலியில். டிவி பேசும். வேறு யாரும் பேசமாட்டார்கள்.

"அதுக்கு முந்தி ஒரே ஒருக்கா மாப்ளையை ஓட்டச் சொல்லிப் பாத்துக்கறேன்," என்றார். "அவிய காலுக்கு வண்டி ஒழுங்கா ஏறுச்சுன்னா, குத்தம் என்ற கால்லதான்னு ஆயிப்போச்சு. சாவியை ஆணியில மாட்டிருவேன். மனசுலயும் ஒண்ணும் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு வந்த நிதீஷிடம், "எங்களோட மைசூரு வரைக்கும் வாங்க மாப்ளை. நீங்க ஓட்டி நாங்க பாக்கோணும்," என்றார். அவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் விடியலில் டிரைவர் சீட்டில் மாப்பிள்ளை, கதவோரம் மாமியார், நடுவில் கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு மாமனார். மாமியாரை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்க முடியாதே.

"மாமா, சித்தக் காலை நவுத்துங்க. ரெண்டாவது கியர் போடோணும்."

"போடுங்க போடுங்க. என்ற கால் போனாலுஞ் செரிங்க."

முதல் வளைவு வந்தது. நிதீஷ் முன்கூட்டியே கியரைக் குறைத்து, இன்ஜினை அலறவிட்டபடியே திருப்பினான். வண்டி ஏறிவிட்டது. சுப்பாத்தாள் 'தாயே' வரைக்கும்தான் போயிருந்தாள்.

பொங்கியண்ணன் தன் வலது முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது வளைவு. அதிலும் அதே அலறல், அதிலும் ஏறிவிட்டது.

"பாத்தயா புள்ள?" என்றார் மெதுவாக. "காலுன்னா அது காலு."

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுச் சுவரில் அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலண்டருக்குப் பக்கத்தில்.

அடுத்த வளைவில் மேலேயிருந்து நீளமான ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அது திரும்ப முழு ரோடும் வேண்டும். நிதீஷ் வளைவின் வாயிலேயே வண்டியை நிறுத்தினான். லாரி போனது. கிளட்சை விட்டு மிதித்தான்.

"பண்ணாரி மாரியம்மா," என்றாள் சுப்பாத்தாள்.

வண்டி முக்கியது.

"தாயே."

நிதீஷின் காலடியில் ஆக்ஸிலேட்டர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பொங்கியண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அதை நன்றாகவே பார்த்தார்.

"காப்பாத்து."

ஊளை கிளம்பியது. வண்டி எகிறியது. சுவர் வந்தது. நிதீஷ் 'ஐயோ' என்று ஸ்டீரிங்கை ஒடித்து, வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தி, நெற்றியைத் துடைத்தான்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. எனக்கு மலை ஓட்டிப் பழக்கமில்லீங்க. கால் தடுமாறிப்போச்சு."

"சேச்சே! உங்க காலை என்னங்க சொல்றது? நான் நடுவுல உக்காந்து இடைஞ்சல் பண்ணிப்போட்டேன்."

"இல்லீங்க மாமா, என்ற தப்பு."

"என்ற தப்புங்க மாப்ளை."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

இரண்டு தலைகளும் திரும்பின. சுப்பாத்தாள் மாப்பிள்ளையை நேராகப் பார்த்து இவ்வளவு சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.  அதோடு விடவில்லை.

"மாப்ளை, பழைய டர்போ இருந்தப்ப 'பண்ணா'ன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள வண்டி ஏறிப்போயிருமுங்க. இப்ப வேண்டுதல் பூராவும் சொல்லி முடிச்சாத்தான் வருது. இவிய ஓட்டினாலும் முழு வேண்டுதல். நீங்க நிறுத்தி எடுத்தாலும் முழு வேண்டுதல். ரெண்டு பேரு காலுக்கும் ஒரே நேரத்துலயா வயசாகும்? காலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. டர்போதான் இந்த மலைக்கு ஆகலை."

பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "போச்சு," என்று முணுமுணுத்தார்.

நிதீஷ் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானோ என்று சுப்பாத்தாள் பயந்தே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, இதைத்தானுங்க எங்க பாடத்துல பக்கம் பக்கமாச் சொல்லுவாங்க. மிதிக்கறதுக்கும் காத்து வர்றதுக்கும் நடுவுல இருக்கற தாமதம்னு. அளக்கறதுக்கு என்ற பட்டறையில மிஷினே இருக்குது. நீங்க வேண்டுதல்லயே அளந்துட்டீங்க."

"அப்பத் தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரியுமுங்க. மலைக்குச் சின்னதுதான் சேரும்னு மனசுல அப்பவே பட்டுது. வளைவுல இன்ஜின் வேகம் கொறஞ்சு போகும், புகையும் கொறைவா வரும். அதுல பெரிய சக்கரம் எப்படிங்க சுத்தும்? ஆனா மொத ஆடிக்கு மாமனார் ஊட்டுக்குச் சின்னதைத் தாம்பாளத்துல வெச்சுக் கொண்டாந்தா, மாப்பிள்ளை அளந்து குடுத்துட்டான்னு யாராச்சும்…"

"எவஞ் சொல்லுவான்?" என்றார் பொங்கியண்ணன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் பழசே போதும்னுதானுங்க நெனைச்சேன். வாயத் தொறந்து கேட்டா, நீங்க ஆசையாச் சொன்ன பெருசை வேண்டாம்னு தள்ளுனாப்பல ஆயிருமேன்னு…"

"தினமும் கேட்டனேங்க மாமா, எப்படி இருக்குதுன்னு! ரயிலாட்டம்னீங்களே!"

"ரயிலு மலையேறுனா எப்படிங்க இருக்கும் மாப்ளை? அப்படித்தான் இருந்துது."

மூன்று பேரும் சிரித்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டு, இவர்கள் சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் போனார்.

"பழசு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள் சுப்பாத்தாள்.

"பட்டறை அலமாரியிலதானுங்க அத்தை. எதுக்கும் இருக்கட்டும்னு அன்னைக்கே புது ஷாஃப்ட், புது பேரிங் எல்லாம் போட்டு வெச்சுட்டேன். சமரோட்டுல பழையபடிதான் போகும், பஸ்ஸை முந்த முடியாது. பரவாயில்லீங்களா மாமா?"

"பஸ்ஸு முந்திப் போனா போகட்டுங்க. அதுக்கென்ன அவசரமோ."

அந்த வாரமே பழைய டர்போ வந்து சேர்ந்தது. இந்தமுறை தாம்பாளமும் இல்லை, குங்குமமும் இல்லை. ஒரு அரிசிப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். பெரியதைக் கழற்றியதும் சுப்பாத்தாள் அதைத் துடைத்து, அதே பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சுற்றிலும் அன்றைய மல்லிகையைக் குவித்துக் கொடுத்தாள்.

"இதெதுக்குங்க அத்தை?"

"நம்மூட்டுக்கு வந்த தாம்பாளம் காலியாத் திரும்பக் கூடாதுங்க மாப்ளை. இது ஆகற எடத்துல மாட்டுங்க. பொள்ளாச்சிப் பக்கம் சமரோட்டுலயே தேங்கா லோடு ஓட்டறவிய யாராச்சும் இருப்பாங்க. நல்ல பொருளுங்க. எங்க மலைக்குத்தான் அதுக்குப் பொறுமை இல்ல."

மறுநாள் செக்போஸ்ட்டைத் திறந்ததும் வண்டி ஏறியது. முதல் வளைவு. சுப்பாத்தாள் வழக்கம்போலக் கைப்பிடியைப் பற்றினாள்.

"பண்ணா…"

விசில். வண்டி வளைவுக்கு மேலே இருந்தது.

பொங்கியண்ணன் தன் வலதுகால் தொடையை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். அடுத்த வளைவு வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்புள்ள, தெனமும் இப்படிப் பாதியிலயே நிறுத்துனா சாமி கோவிச்சுக்காதா?"

"மிச்சத்தை எறங்கறப்பச் சொல்லிக்கறேனுங்க. கெளம்பறப்ப ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னது?"

"அதா? அந்தத் தோட்டத்துக்காரரு நேத்து என்ன பண்ணாருன்னா…"

அவர் சொல்ல ஆரம்பித்தார். மேலே இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.